ஒழுகும் கீசர் தொட்டி: காப்பாற்றுவதா, வேறு வேலைக்கு மாற்றுவதா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக ஓடிய 25 லிட்டர் கீசரின் அடியிலிருந்து நீர் சொட்டுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், தொட்டியே போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்கிறார். அவர் சொல்வது உண்மையா, உண்மையென்றால் வெல்டிங் வைத்துச் சரிசெய்ய முடியாதா, முடியாதென்றால் தொட்டியைக் கடையில் போடாமல் மொட்டைமாடி வெயிலில் நீர் சூடாக்கவோ ஊரில் உள்ள வீட்டில் விறகு வைத்து வெந்நீர் போடவோ பயன்படுத்தலாமா, இனி வாங்கும் கீசராவது நீண்ட நாள் உழைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: அந்தத் தொட்டி இனியும் அழுத்தம் தாங்குமா, தாங்காதென்றால் அழுத்தமே இல்லாத வேலை ஏதாவது அதற்கு உண்டா என்பதுதான் அது. திருச்சியில் கொதிகலன், அழுத்தக்கலன் தயாரிப்பில் பரிசோதனைப் பிரிவில் இருந்துவிட்டு, பின்னர் கோவையில் வீட்டு ஹீட்டர்களையும் சோலார் ஹீட்டர்களையும் பழுதுபார்க்கும் தொழிலுக்கு வந்தவன் நான். உங்கள் தொட்டியை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும், நான் சொல்வது சேமிப்புத் தொட்டியுள்ள மின்சாரக் கீசருக்கு மட்டுமே என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கும் கேஸ் கீசருக்கும் கணக்கு வேறு.

அடியில் சொட்டுகிறது என்பதை மட்டும் வைத்துத் தொட்டி ஓட்டை என்று முடிவுகட்ட முடியாது. சேஃப்டி வால்வு, நீரைச் சூடாக்கும் காயிலும் சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பொருத்தப்பட்டிருக்கும் அடித்தகடான ஃபிளேஞ்சின் ரப்பர் கேஸ்கெட், குழாய் இணைப்புகள், தொட்டியின் உடல் என நான்கு இடங்களிலிருந்து நீர் வரலாம். நான்கும் கடைசியில் கீழ்ப்பக்கமாகத்தான் சொட்டும். கீசருக்கான மின் இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்சை அணைத்து, டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு கீழ்மூடியைக் கழற்றி, எல்லா இடத்தையும் பழந்துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபிளேஞ்சின் விளிம்பைச் சுற்றி ஈரம் பூத்திருந்தால் அது கேஸ்கெட். சிறு செலவில் தீரும். இணைப்பின் மரையில் ஈரம் இருந்தால் டெஃப்ளான் டேப் சுற்றி மறுபடி முடுக்கினால் போதும். ஆனால் உள்தொட்டிக்கும் வெளி உறைக்கும் நடுவில் உள்ள மஞ்சள் நிற ஃபோமே ஊறிப்போய், அதன் ஓரத்திலிருந்து துருக்கறையோடு நீர் கசிந்தால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரிதான். மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, சொட்டுவதை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. கழற்றாமல் சொன்னவர் என்றால் இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சேஃப்டி வால்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த தவறுகளில் மிக ஆபத்தானவை எல்லாம் அங்கேதான் நடந்திருக்கின்றன. நீர் சூடானால் விரியும். 25 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ 400 மில்லி கூடுகிறது. குளிர்நீர் வரும் வழியில் உள்ள வால்வு நீரைப் பின்னால் போகவிடாது. வெந்நீர்க் குழாயும் மூடியிருக்கும். எனவே கூடிய நீருக்குப் போக்கிடம் வேண்டும். அதற்காகத்தான், வழக்கமாக 8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவில் திறக்கும்படி அந்த வால்வை வைத்திருக்கிறார்கள். கீசர் ஓடும்போது மட்டும் சில சொட்டுகள் விழுந்து, அணைத்ததும் நின்றுபோனால் அது பழுதல்ல, வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். எப்போதும் ஒழுகினால் வால்வுக்குள் உப்பு அடைத்திருக்கலாம், அல்லது உங்கள் கட்டடத்தில் பிரஷர் பம்ப் வைத்து அழுத்தம் கூடியிருக்கலாம்; 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் என்ற கணக்கில், அடுக்குமாடியின் கீழ்த்தளங்களில் பம்ப் இல்லாமலேயே 3, 4 பார் வந்துவிடும். வால்வை மாற்றுவதும், தேவைப்பட்டால் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் போடுவதும்தான் இதற்கு வைத்தியம். சொட்டுகிறதே என்று அந்த வாயில் எண்ட் கேப் போட்டு அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளியலறைச் சுவரில் கறை படிகிறது என்ற காரணத்துக்காக வீட்டுக்காரரே அடைக்கச் சொன்னதையும் கண்டிருக்கிறேன். அப்படி அடைத்த தொட்டியில் தெர்மோஸ்டாட்டும், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டால், காயில் நீரைச் சுட்டுக்கொண்டே இருக்கும். 8 பார் அழுத்தத்தில் நீர் 175 டிகிரி வரை கொதிக்காமல் காத்திருக்கும். தொட்டி பிளந்த நொடியில் அதில் ஏழில் ஒரு பங்கு நீராவியாக மாறி, 25 லிட்டர் தொட்டிக்குள்ளிருந்து 5 கன மீட்டருக்கும் மேலான ஆவி வெளியேறும். ஒரு சிறு குளியலறையின் கொள்ளளவே அதைவிடச் சற்றுத்தான் அதிகம்.

இனி தொட்டிக்கு வருவோம். நம் சந்தையில் உள்ள கீசர்களில் பெரும்பாலானவற்றின் உள்தொட்டி, உள்பக்கம் கண்ணாடிப்பூச்சு சுட்டு ஒட்டப்பட்ட இரும்புத் தொட்டியாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியாகவோ இருக்கும். பழைய வீடுகளில் செப்புத் தொட்டிகளும் உண்டு. கண்ணாடிப்பூச்சு எவ்வளவு நன்றாகப் பூசப்பட்டாலும் வெல்டிங் ஓரங்களிலும் மரைகளின் அருகிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கத்தான் செய்யும். அந்த இடங்களில் இரும்பு அரிக்காமல் காப்பதற்காகவே உள்ளே ஒரு மக்னீசியக் கம்பி வைக்கிறார்கள். மெக்கானிக்குகள் ஆனோடு ராடு என்பார்கள். இரும்பும் மக்னீசியமும் ஒரே நீரில் தொடர்பில் இருக்கும்போது மக்னீசியம்தான் முதலில் கரையும், அது கரையும்வரை இரும்பு தப்பிக்கும். புதிய கம்பி விரல் பருமனில் வழவழப்பாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும்; சில ஆண்டுகள் போர் தண்ணீரில் கிடந்ததை வெளியே எடுத்தால், நடுவில் உள்ள மெல்லிய கம்பி மட்டும் மிஞ்சி, அதன்மேல் வெண்மையான பொருக்கு ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலைக்கு வந்த நாளிலிருந்து தொட்டிதான் கரைகிறது. ஒன்பது ஆண்டில் ஒருமுறைகூட ஆனோடு மாற்றப்படவில்லை என்றால், உங்கள் தொட்டி இத்தனை நாள் தாங்கியதே நல்ல தொட்டி என்பதற்குச் சான்று. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியின் கதை வேறு. அது நீரிலிருந்து படியும் சுண்ணாம்பைப் பொருட்படுத்தாது; ஆனால் குளோரைடு மிகுந்த நீர் சூடாக இருக்கும்போது, வெல்டிங் ஓரங்களில் ஊசிமுனை அளவுக் குழிகளை அரித்து உள்ளே இறங்கிவிடும். மீஞ்சூர் போலக் கடல்நீர் நிலத்தடிக்குள் நெடுந்தூரம் ஏறிவிட்ட இடங்களில், ஸ்டெயின்லெஸ் என்ற பெயரை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் நீரைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

வெல்டிங் வைக்கலாமா என்பதற்கு என் பதில் கூடாது என்பதே; இதில் எனக்கு ஐயம் இல்லை. கண்ணாடிப்பூச்சுத் தொட்டியின் வெளிப்பக்கம் வெல்டிங் வைத்தால் அந்த வெப்பத்தில் உள்பக்கப் பூச்சு சுற்றிலும் வெடித்து உதிரும். ஓர் ஓட்டையை அடைத்து உள்ளங்கை அகலத்துக்கு இரும்பை வெறுமையாக்கியதுதான் மிச்சம். அதற்கு முன் ஃபோமை வெட்டி எடுக்க வேண்டும், வேலைநடுவில் அது தீப்பற்றவும் கூடும். ஸ்டெயின்லெஸ் தொட்டியில் ஆர்கான் வெல்டிங் வைப்பது தொழில்நுட்ப அளவில் இயலும். ஆனால் மெல்லிய தகட்டில், ஏற்கனவே குழி விழுந்த இடத்தின் அருகே வைக்கும் வெல்டிங்கே அடுத்த குழிக்கு வித்தாகிவிடுகிறது, வேலை முடிந்ததும் தொட்டியை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்தும் வசதியும் தெருமுனைப் பட்டறையில் இருக்காது. எபாக்ஸி பசை வகைகள் வெளியிலிருந்து ஒட்டப்படுகின்றன, அழுத்தமோ உள்ளிருந்து தள்ளுகிறது. தினமும் சூடாகி ஆறும் உலோகத்தோடு அந்தப் பசையும் ஒரே அளவில் விரிந்து சுருங்காது. சில வாரம் நிற்கலாம், அவ்வளவுதான். கசியும் நீர் மின் இணைப்புகளின் பக்கம் இறங்கினால் நீங்கள் சேமித்த பணத்துக்கு வேறு விலை கொடுக்க நேரும்.

புதிய கீசரை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு, எந்த நிறுவனம் என்று பார்ப்பதற்கு முன் உங்கள் ஓவர்ஹெட் டேங்கில் ஏறுவது எந்த நீர் என்று பார்க்க வேண்டும். கோவையில் சிறுவாணி நீர் மட்டும் வரும் வீட்டில் ஆண்டுக்கணக்கில் கழற்றாத காயில்கூட ஓரளவு சுத்தமாக இருக்கும். அதே தெருவில் போர் தண்ணீரைக் கலந்து ஏற்றும் வீட்டில் இரண்டு ஆண்டில் காயில் தெரியாத அளவுக்குச் சுண்ணாம்பு அப்பியிருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லாதபோது 600 வரை ஏற்கலாம் என்கிறது. நம் பகுதியின் பல போர்வெல்களில் அந்த மேல் எல்லையை ஒட்டியோ தாண்டியோதான் கிடைக்கிறது. நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டு சூடு பட்டதும் கரையாத சுண்ணாம்பாக மாறிப் படிகிறது, 60 டிகிரியைத் தாண்டினால் இது வேகம் பிடிக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 300 மில்லிகிராம் படியக்கூடிய சுண்ணாம்பு உள்ள நீரை நாளுக்கு 100 லிட்டர் சூடாக்குகிறீர்கள், அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே தங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 3 கிராம், ஆண்டுக்கு ஒரு கிலோவுக்கும் மேல். ஃபிளேஞ்சைத் திறந்ததும் உடைந்த முட்டையோடு போலக் கைநிறைய சில்லுகள் நீரோடு வந்து விழுவது இதனால்தான். அந்தச் சுண்ணாம்பு காயிலின்மேல் போர்வையாகப் படிந்து சூட்டை வெளியே விடாது. உள்ளே சூடேறி உறை வெடித்து, நீரில் மின்சாரம் கசியும். கீசருக்குப் போகும் இணைப்பில் நல்ல எர்த்தும் மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்த ஒரு காரணத்துக்காகவே.

ஆகவே வெப்பநிலையை 75 வரை ஏற்றி வைக்க வேண்டியதில்லை. 60 டிகிரி போதும். அதற்கு மிகவும் கீழே, 40, 45 என்று வைத்து நாள்கணக்கில் நீரைத் தேக்கி வைப்பதும் நல்லதல்ல, ஏனென்றால் லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி வெதுவெதுப்பான தேங்கிய நீரில்தான் பெருகும், 60 டிகிரியில் பிழைக்காது. 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கும் என்பதால் குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் முதலில் குளிர்நீரைத் திறந்து, பிறகு வெந்நீரைக் கலக்கப் பழக்குங்கள். 25 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் மின்சாரம் ஆகும். 2 கிலோவாட் காயில் அதை அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடும். இந்தக் கணக்கை விட மிக அதிக நேரம் எடுத்தால் காயிலில் சுண்ணாம்பு ஏறிவிட்டது, தெர்மோஸ்டாட் பிசகிவிட்டது, காயிலே பாதி போய்விட்டது என்ற மூன்றில் ஒன்று.

போர் தண்ணீர் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்குமுன், ஃபிளேஞ்சைத் திறந்து பார்ப்பது நல்லது. எம்சிபியை அணைத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து நீர் ஆறும்வரை ஓடவிட்டு, கீசருக்குக் குளிர்நீர் வரும் வழியில் உள்ள ஆங்கிள் காக்கை மூடி, குளிர்நீர் வரும் இணைப்பைக் கழற்றுங்கள். இங்கே பலர் தடுமாறுவார்கள்: வெந்நீர் வெளியேறும் குழாய் தொட்டியின் உச்சிவரை உள்ளே நீண்டிருப்பதால், அந்தப் பக்கம் கழற்றினால் தொட்டி காலியாகாது. அடியில் முடியும் குளிர்நீர் வழியாகத்தான் நீர் இறங்கும், அதுவும் மேலே வெந்நீர்க் குழாய் திறந்திருந்து காற்று உள்ளே போனால்தான். காலியான பின் ஃபிளேஞ்சைக் கழற்றி, காயிலின் மின்முனைகள் நனையாதபடி அதன் உலோகப் பகுதியை மட்டும் சிட்ரிக் அமிலம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். 100 கிராம் சுண்ணாம்பைக் கரைக்க ஏறத்தாழ 130 கிராம் சிட்ரிக் அமிலம் வேண்டும் என்பதால், கனமாகப் படிந்திருந்தால் நுரைத்து அடங்கியதும் கரைசலை மாற்ற வேண்டியிருக்கும். கத்தியால் சுரண்டுவதும் சுத்தியலால் தட்டுவதும் வேண்டாம். கழிவறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், சுண்ணாம்பை நொடியில் கரைத்துவிட்டு அடுத்து உலோகத்தைத் தின்னத் தொடங்கும், ஸ்டெயின்லெஸ் தொட்டிக்கு அது நஞ்சு. ஆனோடு பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், கேஸ்கெட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். மீண்டும் பொருத்திய பின், வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் நீர் சீராக வரும்வரை மின்சாரத்தைப் போடக் கூடாது. காலித் தொட்டியில் காயில் ஒரு நிமிடம் எரிந்தாலே போதும், புதுக் காயில் வாங்க வேண்டியதுதான். வாரன்டி காலத்துக்குள் என்றால் இதை நிறுவனத்தின் ஆளைக் கொண்டே செய்யுங்கள்.

குழாயில் மாட்டும் காந்தம், மின்னணுச் சுண்ணாம்பு நீக்கி என்றெல்லாம் விற்கிறார்களே என்று அடுத்து கேட்பீர்கள். அவற்றின் பலன் பற்றி வெளியான ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. நான் பார்த்த வீடுகளில் காயிலைத் திறந்தபோது மாட்டியதற்கும் மாட்டாததற்கும் வேறுபாடு தெரியவில்லை, ஆனால் அது முறையான சோதனை அல்ல என்பதால் அறவே பயனில்லை என்று அடித்துச் சொல்லமாட்டேன், பணம் போடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். பாலிபாஸ்பேட் உருண்டைகள் உள்ள ஃபில்டர் ஓரளவு வேலை செய்யும். சூடு ஏற ஏற அதன் திறன் குறையும், உருண்டைகள் கரைந்ததும் நிரப்ப மறந்துவிடுவோம் என்பது அதைவிடப் பெரிய குறை. உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் சாஃப்ட்னர் சுண்ணாம்பை உறுதியாக நிறுத்தும். ஆனால் அப்படி மென்மையாக்கிய நீரில் ஆனோடு வேகமாகக் கரையக்கூடும் என்பதால், சாஃப்ட்னர் வைத்தாயிற்று, இனிக் கீசரைத் திறக்கவே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இப்போது பழைய தொட்டியை என்ன செய்யலாம் என்ற கேள்வி. இதில் ஒரு கோட்டை முதலிலேயே கிழித்துவிடுகிறேன்: சேவையிலிருந்து இறக்கிய தொட்டியை எந்த வடிவிலும் மூடிய அழுத்தக்கலனாகப் பயன்படுத்தக் கூடாது. வெளியே 8 பார் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ஏர் கம்ப்ரசர் டேங்காக மாற்றுகிறவர்கள் உண்டு. அந்த 8 பார் நீருக்கான எண், அதுவும் தொட்டி புதிதாக இருந்தபோது. 25 லிட்டர் குளிர்ந்த நீர் 8 பார் அழுத்தத்திலிருந்து விடுபட்டால் விரிவது ஏறத்தாழ 9 மில்லிதான். தொட்டி பிளந்தாலும் நீர் ஒழுகுவதோடு முடிந்துவிடும். அதே தொட்டியில் அதே அழுத்தத்தில் காற்று இருந்தால் அது வெளியே வரும்போது கூடுதலாக 200 லிட்டர் இடம் கேட்கும், தகட்டைக் கிழித்துக்கொண்டுதான் வரும். உள்ளே எங்கெங்கே துருப்பிடித்துத் தகடு மெலிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

விறகு வைத்து வெந்நீர் போடும் யோசனையும் அதே கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் விழுகிறது. நம் வீடுகளில் இருந்த செப்புப் பாய்லர் நெருப்பின்மேல் எத்தனையோ ஆண்டு பாதுகாப்பாக இருந்ததற்குக் காரணம் செம்பின் வலிமை அல்ல. மேலே புனல் வழியாக ஊற்றிய நீர்தான் வெந்நீரை மூக்கு வழியாகத் தள்ளியது, இரண்டு வாயும் எப்போதும் திறந்தே இருந்தன. கீசர் தொட்டிக்கு இருப்பவை இரண்டு சிறு மரைத்துளைகள். ஒன்றில் குழாயை மாட்டி மற்றதில் திருகு டேப் வைத்தால், டேப்பை மூடிய நிமிடம் அது வெடிகலன். காற்றுப்போக்கி வைக்கலாமே என்பீர்கள். சுண்ணாம்பு நீர் உள்ள ஊரில் அரை அங்குலக் குழாய் அடைத்துக்கொள்ள எத்தனை நாளாகும்? பத்தாததற்கு, நேரடி நெருப்பில் கண்ணாடிப்பூச்சு வெடித்துச் சில்லுகளாக நீரில் கலக்கும். கொதிகலன்களுக்கான நம் சட்டத்தில் 25 லிட்டருக்குக் குறைந்த கலன்களுக்கும், 100 டிகிரிக்குக் கீழ் மட்டும் நீரைச் சூடாக்கும் கலன்களுக்கும் விலக்கு வைத்திருந்தார்கள். அந்த விலக்கைக் காட்டி இதை நியாயப்படுத்திய ஒரு பட்டறைக்காரரைச் சந்தித்திருக்கிறேன். சட்டத்தின் கணக்கில் வராதது ஆவியின் கணக்கில் வராமல் போய்விடாது. மேல்மூடியை முழுதாக அறுத்து, அகன்ற வாய் அண்டாவாக்கினால் ஆபத்து நீங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த உழைப்புக்கு ஒரு பழைய அலுமினிய அண்டா வாங்கிவிடலாம்.

வெயிலில் சூடாக்கும் யோசனை அப்படியல்ல; அது நல்ல யோசனை, பழைய யோசனையும்கூட. கருப்பு வண்ணம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடி மூடிய மரப்பெட்டிக்குள் வைத்து வெயிலில் நீர் சூடாக்கும் கருவிக்கு பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891-இல் காப்புரிமை பெற்று விற்றார். ஆனால் இதற்கு ஏற்றது ஒழுகாத தொட்டி. தெர்மோஸ்டாட் அல்லது வெளி உறை கெட்டதாலோ, பெரிய கீசர் வாங்கியதாலோ இறக்கிய தொட்டி. உங்களுடையது உண்மையிலேயே உடலில் ஓட்டையானது என்றால் இதற்கும் உதவாது. சில அடி உயர நீரின் சிறு அழுத்தத்தில் எபாக்ஸி ஒட்டு நிற்கக்கூடும். ஆனால் ஓர் இடத்தில் துளைத்த துரு பக்கத்தில் எத்தனை இடத்தில் பாதி வந்திருக்கிறது என்பதற்கு நான் உத்தரவாதம் தரமுடியாது.

நல்ல தொட்டி கிடைத்தால் வெளி உறையையும் ஃபோமையும் நீக்கி, மின்பாகங்களை எல்லாம் கழற்றி ஃபிளேஞ்சைத் தகடு வைத்து மூடி, புதிய ஆனோடு ஒன்று போட்டு, வெளியே மங்கலான கருப்பு வண்ணம் பூசுங்கள். பெட்டியின் உள்பக்கம் தெர்மகோல் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். கிளாஸ் வூல் வைத்து மேலே டஃபண்ட் எனப்படும் வலுவூட்டிய கண்ணாடி போடுங்கள். தொட்டியைப் படுக்கவைக்காதீர்கள்: முன்பு சொன்னபடி வெந்நீர்க் குழாய் உச்சிவரை நீள்வது நிமிர்ந்த நிலைக்காகத்தான், படுக்கவைத்தால் காற்று சிக்கி, சூடான மேலடுக்கு வெளியே வராமல் தங்கும். பழைய அடிப்பக்கம் கீழே இருக்கும்படி தெற்கு நோக்கி 30 பாகையளவு சாய்வில் வைத்தால் இந்தச் சிக்கல் குறையும்; நம் 11 பாகை அட்சரேகையில், வெந்நீர் அதிகம் தேவைப்படும் மார்கழி, தை மாத வெயிலுக்கும் அதுவே பொருத்தமான சாய்வு. ஓவர்ஹெட் டேங்கிலிருந்து நேரடியாக நீர் கொடுங்கள், பிரஷர் பம்ப் லைனில் இணைக்காதீர்கள். வெந்நீர் போகும் வழியில் ஒரு கிளைக்குழாயை டேங்கின் நீர்மட்டத்துக்கு மேல்வரை கொண்டுபோய்த் திறந்தே விடுங்கள்; அதில் எந்த வால்வும் இருக்கக் கூடாது. நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் 5 யூனிட் ஆற்றலில், இவ்வளவு சிறிய பெட்டி பிடித்துவைப்பது முக்கால் யூனிட்டுக்குள்தான் இருக்கும் என்பது என் மதிப்பீடு. 25 லிட்டர் நீர் மாலைக்குள் 45 முதல் 50 டிகிரி வரை வரலாம். மாலைக் குளியலுக்கும் பாத்திரம் கழுவவும் போதும். கண்ணாடி வழியாக இரவில் சூடு போய்விடுவதால், விடியற்காலைக் குளியலுக்கு இதை நம்பாதீர்கள். இந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம். குடிநீர் சேமிப்புக்கும் பழைய தொட்டி ஆகாது.

மற்றவை சிறு பயன்கள். வெளி உறையைச் செடித்தொட்டியாக்கலாம், தொட்டியைப் பாதியாக அறுத்து மாட்டுக்கு நீர் வைக்கலாம். அறுக்கும்போது கண்ணாடிப்பூச்சு ஊசிச் சில்லுகளாகத் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் கிரைண்டரைத் தொடக் கூடாது, விளிம்பை மழுங்கத் தேய்க்காமல் மாட்டின் முன் வைக்கவும் கூடாது. ஃபோமைக் கழிக்கச் சோம்பல்பட்டுத் தொட்டியோடு தீவைத்து எரிக்கும் வழக்கம் பழைய இரும்புக்கடைகளில் இருக்கிறது; அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு, எனவே கடைக்குப் போடுமுன் நீங்களே கத்தியால் செதுக்கி எடுத்துக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்துவிடுங்கள். காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் இரும்புத் தொட்டி, எடைக்கு அதிகம் கிடைக்காது. ஒட்டவில்லை என்றால் ஸ்டெயின்லெஸ் அல்லது செம்பாக இருக்கலாம், இரும்பு விலைக்கு விட்டுவிடாதீர்கள். பித்தளை இணைப்புகளையும் செப்புறைக் காயிலையும் கழற்றித் தனியே போட்டால் அவற்றுக்குத் தனி விலை உண்டு.

உங்கள் வீட்டுக் கீசரில் இப்போதே செய்ய வேண்டியது, எம்சிபியை அணைத்துவிட்டு யாரும் போடாதபடி டேப் ஒட்டிவைப்பது. மூடியைக் கழற்றிப் பார்த்து ஈரம் எங்கே பூக்கிறது என்ற படத்தையும், பக்கத்தில் உள்ள தகட்டில் எழுதியிருக்கும் தொட்டி வகையையும், ஆனோடு கழற்றினால் அதன் நிலையையும் இங்கே எழுதுங்கள். கேஸ்கெட்டா தொட்டியா என்பதைப் படத்தை வைத்து ஓரளவு சொல்ல முடியும். கேஸ்கெட்தான் என்று தெரிந்தால், மாற்றிய பிறகு நீரை நிரப்பி, மின்சாரம் போடாமல் ஓர் இரவு முழுதும் வைத்துக் காலையில் அடிப்பக்கம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே கீசரைப் போடுங்கள்.